பூதக் கண்ணாடியும் நிழலணுவும்

தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலங்களில் குடியிருக்கும் நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு காகிதம் வந்தால், அதனைத் தெருவில் ஆங்கிலம் நன்கு அறிந்த தமிழர் ஒருவரிடம் முதலில் காட்டுவோம். வைத்தியர் பிறகு சொல்லட்டும். நம் மொழியில் ஒருவர் சொல்லிவிட்டால் மனம் ஆறும் என்பது நம் எண்ணம். டில்லியில் மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரியும் என்னிடம் அத்தகைய காகிதங்கள் பல வந்ததுண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றியும், அதிலிருந்த ஒரு சொல்லைப் பற்றியும், அச்சொல்லுக்குப் பின்னால் நிற்கும் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் பற்றியும் இவ்வுரையில் கூற விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. எங்கள் குடியிருப்பில் மாடி வீட்டிலிருந்த தமிழ்க் குடும்பத்துச் சிறுவனுக்கு அப்போது வயது பதினொன்று. மேல்வரிசையில் முன்பக்கத்துப் பாற்பல் விழுந்து நெடுநாளாகியும் புதுப்பல் முளைக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், பல் இறங்க வேண்டிய வழியை ஒரு சிறு கட்டி மறித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ரண சிகிச்சை செய்து அதனை எடுத்துவிட்டு, எடுத்த திசுவைச் சோதனைக்கு அனுப்பினார்கள். சோதனையின் முடிவு ஆங்கிலத்தில் வந்தது. சிறுவனின் தாயார் அதனை என்னிடம் கொண்டுவந்தார்.

நான் அவசரமாகப் படித்தேன். ‘டியூமர்’ என்று ஒரு சொல் இருந்தது, கட்டி என்றேன். ‘கோஸ்ட் ஸெல்’ என்று மற்றொரு சொல் இருந்தது, பேயணு என்றேன். அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. “அண்ணா, கட்டி என்கிறீர்கள், பேய் என்கிறீர்கள். என் குழந்தைக்கு என்ன வந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்” என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றிரவு அந்த வீட்டில் விளக்கு அணையவில்லை. மறுநாள் வைத்தியர் இரண்டே நிமிடங்களில் விளக்கம் கூறியபின் அவர்கள் தெளிந்தார்கள். நான்தான் தெளியவில்லை. ஏனெனில் அக்காகிதத்தின் முதல் வரியிலேயே, கட்டி என்னும் சொல்லுக்கு முன்னால், ‘தீங்கற்ற’ என்று பொருள்படும் அடைமொழி ஒன்று இருந்தது. வெறும் அடைமொழிதானே என்று அதனைத் தாண்டிச் சென்றவன் நான்.

பிழை என்னுடையது. அப்பிழைக்குக் கழுவாயாகவே அந்தப் பேயணுவின் கதையைத் தேடிப் படிக்கலானேன். படிக்கப் படிக்க, மருத்துவ விஞ்ஞானத்தில் ஒரு பெயர் என்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பது விளங்கியது. ஒரு பெயரால் ஒருவனுடைய தாடை முழுமையாக நிற்கலாம். மற்றொரு பெயரால் அதில் ஒரு பகுதியை அவன் இழக்க நேரலாம்.

பல் எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். தாயின் கருவில் சிசு ஆறு வார அளவில் இருக்கும்போதே, வாயின் உட்புறத் தோலிலிருந்து ஒரு பட்டை தாடைக்குள் இறங்குகிறது. அப்பட்டையில் மொட்டுக்கள் அரும்புகின்றன. இருபது பாற்பற்களும், பின்னர் முப்பத்திரண்டு நிலைப்பற்களும் இம்மொட்டுக்களிலிருந்தே உருவாகின்றன. ஒவ்வொரு மொட்டிலும் இருவகைத் தொழிலாளர் உண்டு. ஒரு வகை உயிரணுக்கள் பல்லின் வெளிப்பூச்சாகிய எனாமலைச் செய்கின்றன. மற்றொரு வகை, அதற்கு உட்புறமுள்ள டென்டின் என்னும் உறுதிப் பொருளைச் செய்கின்றன. வேலை முடிந்ததும், வீடு கட்டி முடித்தபின் சாரத்தைப் பிரிப்பது போல, எனாமலைச் செய்த உயிரணுக்கள் கலைந்து மறைகின்றன. ஆயினும் சாரத்தின் மரத்துண்டுகள் சில மூலையில் தங்கிவிடுவதுண்டு அல்லவா? அவ்வாறே தாடைக்குள்ளும் சில எச்சங்கள் வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகின்றன. இவ்வெச்சங்களைப் பல்வேர்களைச் சுற்றிக் கண்டு, 1880களின் நடுவில் விரிவாக எழுதியவர் பிரெஞ்சு நாட்டு ஆராய்ச்சியாளர் லூயி மலாஸே. இன்றும் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. தாடையில் தோன்றும் கட்டிகள் சிலவற்றுக்கு இவ்வெச்சங்களே வித்து என்பது அவர் கருத்து.

அவருக்குச் சற்று முன்னரே, பாரிஸ் நகரத்தில் பால் ப்ரோக்கா என்னும் ரண சிகிச்சை நிபுணர் இத்துறையில் முதற்கோட்டைக் கிழித்திருந்தார். மனித மூளையில் பேச்சை ஆளும் இடம் எது என்பதை 1861ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டிப் புகழ்பெற்றவர் இவரே. 1860களின் பிற்பகுதியில் கட்டிகளைப் பற்றி இவர் பெருநூல் ஒன்றை எழுதினார். பல்லை உண்டாக்கும் திசுக்கள் அளவு மீறி வளர்வதால் தோன்றும் கட்டிகளுக்கு ‘ஓடோன்டோம்’ என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் பல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அது. பல் வளர்ச்சியில் எந்தப் படியில் கோளாறு நேர்ந்ததோ, அந்தப் படியை ஒட்டிக் கட்டியின் உருவம் அமையும் என்பது அவர் கொள்கை. அப்பெயர் ‘ஓடோன்டோமா’ என்று மாறி இன்றளவும் வழக்கிலுள்ளது. ஆனால் அதன் பொருள் வரவரக் குறுகி, எனாமலும் டென்டினும் சேர்ந்து உருவாகும் ஒரு கட்டியை மட்டுமே இப்போது குறிக்கிறது.

இந்த ஓடோன்டோமா இருவகைப்படும். ஒன்றில், சிறு சிறு பற்களைப் போன்ற உருவங்கள் ஒரு பைக்குள் குவிந்திருக்கும். பெரும்பாலும் மேல்தாடையின் முன்பகுதியில் இது தோன்றும். மற்றொன்றில், எனாமலும் டென்டினும் ஒழுங்கின்றிக் கலந்து ஒரே கட்டியாக இறுகியிருக்கும். கீழ்த்தாடையின் பின்பகுதியில் இதனை மிகுதியாகக் காணலாம். இரண்டுமே பெரும்பாலும் இருபது வயதுக்குள் கண்டுபிடிக்கப்படுபவை. நிலைப்பல் இறங்கவில்லையே என்று எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் பல சமயங்களில் இவை வெளிப்படுகின்றன. இவை புற்று அல்ல. வளர்ந்து ஒரு நிலையில் நின்றுவிடுபவை. எடுத்துவிட்டால் மீண்டும் வருவது மிக அரிது.

நம் நாட்டுப் பத்திரிகைகளிலும் இக்கட்டி இருமுறை பெரிதாக இடம்பெற்றது. 2014ஆம் ஆண்டில் பம்பாயிலுள்ள ஜே. ஜே. ஆஸ்பத்திரியில் பதினேழு வயது இளைஞன் ஒருவனின் தாடையிலிருந்து 232 பற்துண்டுகள் எடுக்கப்பட்டன. அந்த நகரத்துத் தமிழ் நேயர்கள் பலருக்கு இது நினைவிருக்கலாம். 2019ஆம் ஆண்டில் சென்னையில், சவீதா பல் மருத்துவக் கல்லூரியில், ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் கீழ்த்தாடையில் ஏறக்குறைய 200 கிராம் எடையுள்ள பை ஒன்று இருந்தது. அதற்குள்ளிருந்து பிரித்தெடுக்கப்பட்டவை 526. எண்ணிக்கையைக் கேட்டு நாம் வியந்தோம். ஆனால் அச்செய்தியில் மெய்யாகவே கவனிக்கத்தக்கது வேறொன்று. மருத்துவர்கள் தாடையெலும்பைப் பக்கவாட்டில் உடைக்காமல் மேற்புறமாகத் திறந்து பையை எடுத்தார்கள். ஆகவே அச்சிறுவனுக்குத் தாடையை மறுபடி அமைக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. எடுப்பது தீங்கற்ற கட்டி என்ற நிச்சயம் இருந்தால்தான் இத்தகைய சிக்கனம் இயலும். அந்த நிச்சயத்தை இறுதியாக அளிப்பது நுண்ணோக்கியே.

நுண்ணோக்கியைப் பூதக் கண்ணாடியின் பேரப்பிள்ளை என்று கூறலாம். சிறியதைப் பெரிதாக்கிக் காட்டுவதால் நம் முன்னோர் பூதக் கண்ணாடி என்றனர். ஆயினும் பல்லின் திசுவை அதன் கீழ் வைப்பது எளிதன்று. பல் மிகக் கடினமானது, கத்திக்கு அசையாது. ஆகவே முதலில் அதனை அமிலத்தில் ஊற வைத்துச் சுண்ணச் சத்தைக் கரைக்கிறார்கள். பின்பு மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரை இருநூறு கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவு மெல்லிய ஏடுகளாகச் சீவுகிறார்கள். இதில் ஒரு விந்தை உண்டு. முதிர்ந்த எனாமலில் எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாதுப் பொருளே. அமிலத்தில் அது முழுவதும் கரைந்துவிடும். எனவே கண்ணாடி ஏட்டில் எனாமல் இருந்த இடம் வெறும் வெளியாகத் தோன்றும். இல்லாத ஒன்றின் வடிவத்தைப் பார்த்தே, அங்கே எனாமல் இருந்தது என்று ஆராய்ச்சியாளர் கண்டுகொள்கிறார்.

சீவிய ஏட்டுக்கு நிறமும் ஊட்ட வேண்டும். மத்திய அமெரிக்க நாட்டு மரம் ஒன்றின் வைரத்திலிருந்து எடுக்கும் சாயம், உயிரணுவின் உட்கருவை நீலமாக்கும். இயோஸின் என்னும் செயற்கைச் சாயம் உயிரணுவின் உடலை இளஞ்சிவப்பாக்கும். 1870களில் கைவந்த இவ்விரட்டைச் சாய முறையே இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அன்றாட முறையாக விளங்குகிறது. உயிருள்ள அணுவில் நீலப் பொட்டு இருக்கும். அதனைச் சுற்றி இளஞ்சிவப்புத் தளம் இருக்கும். இதுவே பார்ப்பவரின் கண்ணுக்குப் பழகிய காட்சி.

இனி நம் பேயணுவுக்கு வருவோம். இதன் கதை பல்லில் தொடங்கவில்லை, தோலில் தொடங்குகிறது. 1880ஆம் ஆண்டில், பிரான்சு தேசத்தின் நாந்த் நகரத்தைச் சேர்ந்த மல்ஹெர்ப் என்பவரும், அவருடன் ஷெனாந்தே என்பவரும், தோலுக்கடியில் சுண்ணம் படிந்து கல்போல இறுகும் ஒரு சிறு கட்டியை விவரித்தார்கள். அது தோலின் எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து பிறப்பது என்று அவர்கள் எண்ணினார்கள். அக்கட்டியில் விசித்திரமான உயிரணுக்கள் இருந்தன. எல்லைக்கோடு அப்படியே இருந்தது. உடல் வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தது. உட்கரு மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் மங்கிய ஒரு வெற்றிடம் தெரிந்தது. ஆள் போனபின்னும் சுவரில் தங்கிவிட்ட நிழலைப் போன்ற தோற்றம். ஆங்கிலம் எழுதும் ஆராய்ச்சியாளர் இதற்கு இரு பெயர்களை வழங்கினர். சிலர் பேய் என்றனர்; சிலர் நிழல் என்றனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள், இக்கட்டி எண்ணெய்ச் சுரப்பியிலிருந்தன்று, மயிரை உண்டாக்கும் திசுவிலிருந்தே பிறக்கிறது என்பது தெளிவாயிற்று. 1961ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் அதற்கேற்பப் புதுப்பெயரும் சூட்டினர்.

அதற்கு அடுத்த ஆண்டு, அதாவது 1962இல், இக்கதையின் திருப்பம் நிகழ்ந்தது. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் கோர்லின், டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனைச் சேர்ந்த ஜென்ஸ் பிண்ட்போர்க், மேலும் இருவர் ஆகிய நால்வரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். தாடைக்குள் தோன்றும் ஒருவகை நீர்ப்பையின் சுவரில், தோற்கட்டியிற் கண்ட அதே நிழலுருவங்கள் கூட்டங்கூட்டமாக இருப்பதை அவர்கள் கண்டார்கள். சுண்ணம் படிவதும் அவ்வாறே இருந்தது. மல்ஹெர்ப் விவரித்த தோற்கட்டிக்குத் தாடையில் ஓர் ஒப்பு இருக்கக்கூடும் என்று தங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே அவர்கள் குறித்தார்கள். ‘கூடும்’ என்று மட்டுமே சொன்னார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கண்ணால் கண்ட ஒற்றுமையைத் தவிர வேறு சான்று அவர்களிடம் அப்போது இல்லை.

இந்த ஒற்றுமையைக் கண்டதால் நோயாளிக்கு என்ன நன்மை என்று கேட்கலாம். மிகப் பெரிய நன்மை. அதற்கு முன்பு இத்தகைய நீர்ப்பைகள் பல சமயங்களில் அமெலோபிளாஸ்டோமா என்னும் வேறொரு கட்டியின் வகை என்றே கருதப்பட்டு வந்தன. அமெலோபிளாஸ்டோமாவும் பெரும்பாலும் தீங்கற்ற கட்டிகளின் வரிசையிலேயே வைக்கப்படுவது. ஆனால் பெயரளவுக்கே அது சாது. எலும்பைச் சுற்றிலும் அரித்துப் பரவும். சுரண்டி எடுத்தால் மீண்டும் தலைதூக்கும். ஆகவே அதனைச் சுற்றியுள்ள நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டியெடுக்க நேரிடுகிறது. நிழலணுக்கள் நிறைந்த நீர்ப்பையோ அத்தகையதன்று. பையை முழுமையாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் போதும். இரண்டையும் ஒன்றென எண்ணிய காலத்தில், தேவையில்லாமல் தாடையின் பகுதியை இழக்கும் அபாயம் இருந்தது. இரண்டையும் பிரித்துக் காட்டியது ஒரு நிறமூட்டிய ஏடும், பொறுமையுள்ள கண்களுமே.

கட்டுரை எழுதிய நால்வருள் பிண்ட்போர்க் நம் நாட்டுக்கும் உறவானவர். வாய்ப்புற்று நோயைப் பற்றி இந்தியாவில் பல ஆண்டுகள் உழைத்தவர். அவரும் இந்திய ஆராய்ச்சியாளர் பலரும் சேர்ந்து நம் கிராமங்களில் 50,915 பேருடைய வாயைச் சோதித்து, அதன் முடிவுகளை 1969ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வெற்றிலை, புகையிலைப் பழக்கங்களின் தீமையை உலகுக்கு உணர்த்திய ஆய்வுகளுள் அது ஒன்று. 1971ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் பற்கட்டிகளுக்கெல்லாம் முதன்முறையாக ஒரு பொதுப் பட்டியல் வெளியிட்டபோது, அதனைத் தொகுத்தவர்களுள் முதல்வரும் அவரே. பம்பாயில் ஒரு பெயர், பாரிஸில் ஒரு பெயர் என்றிருந்த நிலை அதனால் மாறத் தொடங்கியது.

இவ்விடத்தில் மற்றொரு கேள்வி எழுந்தது. அந்நீர்ப்பையில் மட்டுந்தான் நிழலணுக்கள் உண்டா? 1973ஆம் ஆண்டில் லெவி என்பவரும், 1975ஆம் ஆண்டில் செடானோவும் பிண்ட்போர்க்கும், சாதாரண ஓடோன்டோமாக்களை எடுத்து ஏடு ஏடாக ஆராய்ந்தனர். எங்கள் குடியிருப்புச் சிறுவனுக்கு வந்ததே, அந்தக் கட்டிதான். அவற்றிலும் நிழலணுக்கள் காணப்பட்டன. ஆகவே நிழலணு ஒன்றைக் கண்ட மாத்திரத்தில் இன்ன நோய் என்று தீர்மானிக்கலாகாது என்பது புலனாயிற்று. அவை எவ்வளவு உள்ளன, எங்கே உள்ளன, அவற்றைச் சுற்றி என்ன உள்ளது என்று முழு ஏட்டையும் பார்த்த பின்னரே பெயர் சூட்ட வேண்டும். நீர்ப்பையும் ஓடோன்டோமாவும் ஒரே இடத்தில் சேர்ந்து வளர்வதும் உண்டு என்பதால், எடுத்த திசுவை ஒரு மூலையும் விடாமல் பார்ப்பது கடமையாயிற்று.

நிழலணு எவ்வாறு உண்டாகிறது என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமனப்படவில்லை. இரத்த ஓட்டம் குன்றியதால் மடிந்த உயிரணு என்றனர் சிலர். பாதை தவறிய ஒருவகைக் கெராட்டின் ஆக்கம் என்றனர் சிலர். கெராட்டின் என்பது நம் நகமும் மயிரும் ஆக்கப்பட்டுள்ள புரதம். உயிரணு தன் உடல் முழுவதையும் இப்புரதத்தால் நிரப்பிக்கொண்டு உட்கருவை இழந்துவிடுகிறது என்பது இவர்கள் கொள்கை. இந்நிழல்கள் திசுச்சுவரைத் தாண்டி அடித்திசுவைத் தொட்டால், உடல் அவற்றை அந்நியப் பொருளாகவே கருதி, விழுங்கும் பேரணுக்களை அவற்றின் மேல் ஏவுகிறது. காலில் தைத்த முள்ளை எதிர்ப்பது போலத் தன் உயிரணுவின் நிழலையே உடல் எதிர்க்கிறது.

1962இல் ‘கூடும்’ என்று சொன்ன சொல்லுக்கு விடை வர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. அதற்குள் விஞ்ஞானம் நுண்ணோக்கியைத் தாண்டி, உயிரணுவுக்குள் எழுதப்பட்டிருக்கும் மரபுச் செய்தியையே படிக்கக் கற்றுக்கொண்டது. 1999ஆம் ஆண்டில், மல்ஹெர்ப்பின் தோற்கட்டிகளை ஆராய்ந்த அமெரிக்கக் குழுவினர், அவற்றுள் நூற்றுக்கு 75 பங்குக்குக் குறையாதவற்றில் பீட்டா-கெட்டினின் என்னும் புரதத்துக்குரிய மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டார்கள். 2002ஆம் ஆண்டில், ஜப்பானிய ஆராய்ச்சியாளர், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் அருகே தோன்றும் ஒருவகைக் கட்டியில் அதே மரபணுவிற் பிழை கண்டார்கள். அக்கட்டியிலும் நிழலணுக்கள் உண்டு. 2003ஆம் ஆண்டில், கோர்லின் குழுவினர் விவரித்த அந்தத் தாடை நீர்ப்பையிலும் அம்மரபணுவின் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டில் ஜப்பானிலிருந்து மேலும் ஒரு சான்று வந்தது. இம்மூன்று கட்டிகளின் நிழலணுக்களிலும் மயிருக்கே உரிய வன்மையான கெராட்டின் இருந்தது.

தோல் எங்கே, பல் எங்கே, மூளையின் அடிப்பகுதி எங்கே? இவை மூன்றுக்கும் உறவு எவ்வாறு வந்தது? கருவின் தொடக்க நாட்களுக்குச் சென்றால் விடை கிடைக்கும். மயிரைத் தரும் திசுவும், எனாமலைத் தரும் திசுவும், பிட்யூட்டரியின் முற்பகுதியும் கருவின் வெளிப்படலத்திலிருந்தே பிறக்கின்றன. பிட்யூட்டரியின் முற்பகுதி, கருவின் வாய்க்கூரையிலிருந்து மேலெழும் ஒரு பையினின்றும் உருவாகிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களில் குடியேறிவிட்டாலும், முகச்சாயலில் உறவு தெரிந்துவிடுகிறதன்றோ? வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வுண்மையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. பல் செய்யவிருந்த உயிரணு வழிதவறியபோது, தன் உடன்பிறப்பாகிய மயிரணுவின் தொழிலை நினைவுகூர்ந்தது போலும்.

பெயர்களின் கதை இதனோடு முடியவில்லை. 1971இல் நீர்ப்பை என்று வழங்கிய அந்நோயை, 2005ஆம் ஆண்டுப் பட்டியலில் உலக சுகாதார ஸ்தாபனம் கட்டி என்று மாற்றியது. திடமாக வளர்வதற்கு வேறு பெயரும், மிக அரிதாகப் புற்றாக மாறுவதற்கு வேறு பெயரும் கொடுத்தது. 2017ஆம் ஆண்டுப் பட்டியலில் அது மறுபடியும் நீர்ப்பை ஆயிற்று. அறிஞர்கள் மனம் மாறிக்கொண்டே இருக்கிறார்களே என்று சிலர் நகைக்கலாம். எனக்கு அதில் நகைப்பு இல்லை, மதிப்பே உண்டாகிறது. கட்டி என்ற சொல்லைக் கேட்ட ஒரு தாயின் இரவு எவ்வாறு கழியும் என்பதை நான் கண்டவன். ‘இது கட்டி என்று அழைக்கப்பட வேண்டியதுதானா?’ என்று உலகத்து நிபுணர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் மீண்டும் கூடி வினவினார்கள் என்றால், அது வீண்வேலை ஆகாது.

என் மேசைக்கு வரும் காகிதங்களுக்கு இக்கதை கற்பித்தது இரண்டு பாடங்கள். முதலாவது, ‘கோஸ்ட் ஸெல்’ என்பதற்குத் தமிழில் பேயணு என்று எழுதக்கூடாது. நிழலணு என்று எழுத வேண்டும். அகராதியில் முதற்பொருள் பேய்தான். ஆனால் அச்சொல்லால் ஆராய்ச்சியாளர் சுட்டியது அச்சத்தை அன்று; உரு நின்று உயிர் அகன்ற தோற்றத்தை. பேய் என்றால் நம் வீடுகளில் அது வந்து பிடிக்கும் ஒன்று. நிழல் என்றால் இருந்த ஒன்றின் சுவடு. ஆங்கிலத்திலேயே இரண்டு சொற்களும் வழக்கிலிருக்கும்போது, நம் மக்களுக்கு எது பொருந்துமோ அதனை எடுப்பதுதான் மொழிபெயர்ப்பாளனின் வேலை.

இரண்டாவது பாடம் அதனினும் எளியது. அடைமொழியைத் தாண்டக் கூடாது. கட்டி என்று சொல்லிவிட்டுச் சற்று நிறுத்திப் பின்பு தீங்கற்றது என்று கூறினால், அந்தச் சிறு இடைவெளிக்குள் கேட்பவர் நெடுந்தூரம் போய்விடுகிறார். முதலில் ‘தீங்கற்ற’ என்று வாயைத் திறக்க வேண்டும். கட்டி என்பது பின்னர் வரட்டும். நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, முழு ஏட்டையும் பார்த்து, நிச்சயம் செய்துகொண்ட பின்னரே ஒருவர் அச்சொல்லை எழுதுகிறார். அவர் எழுதிய வரியில் மிக மதிப்புள்ள சொல்லும் அதுவே.

அச்சிறுவனுக்குக் கட்டியை எடுத்த சில மாதங்களில் பல் தானாகவே இறங்கியது. கொஞ்சம் கோணலாக இறங்கியதால் கம்பி கட்டி நேராக்கினார்கள். இப்போது அவன் கல்லூரியில் படிக்கிறான். அவனுடைய தாயார் இன்றும் ஆஸ்பத்திரிக் காகிதங்களை என்னிடம்தான் கொண்டுவருகிறார். தமக்காகவும், தெருவிலுள்ள பிறருக்காகவும். “அண்ணா, முதல் வரியிலிருந்தே படியுங்கள்” என்று மட்டும் சொல்வார். நானும் முதல் வரியிலிருந்தே படிக்கிறேன்.